ஆமையக்கா டயர் வாங்கின கதை

ஆமையக்காவுக்கு அந்தப் பேரை வைத்தது கட்டின புருஷன்தான். நாற்பதைத் தாண்டி வண்டி பழகினவள் அவள். பழகின நாளிலிருந்தே பிக்கப்பை உருட்டுவாளே தவிர ஓட்டமாட்டாள். "இறங்கி நடந்தா சீக்கிரம் போயிடலாம் போலிருக்கே" என்று பக்கத்து சீட்டிலிருந்து அவர் கிண்டல் செய்வார். வீட்டுக்குள் கூப்பிட்ட பேர் வாசல் தாண்டி, தெரு தாண்டி, மளிகைக்கடை வரை போய்விட்டது. "ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்று நாத்தனார் ஒருநாள் வாயைக் கிளறினாள். "முயல் ஜெயிச்ச கதை ஒண்ணு தெரிஞ்சா சொல்லுங்க அண்ணி, கேட்டுக்கறேன்" என்றாள் இவள். நாத்தனார் சிரித்துவிட்டு, போகும்போது மறக்காமல் ஒரு பாட்டில் தேனைக் கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.

தேன்தான் அவர்கள் பிழைப்பு. அதற்கு முன்னால் அக்கா யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனியில் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் கம்பெனி ஜன்னலில் ஒரு தேனீக் கூட்டம் வந்து கொத்தாகத் தொங்கியது. மிஷினை அப்படி அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் வெளியே ஓடினார்கள். அக்கா மட்டும் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் பிடிக்க வந்த ஆள் அட்டைப்பெட்டிக்குள் அதை உதறி மூடும்போது, "எனக்கு இந்த மாதிரி ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டாள். பூந்தொட்டி கேட்கிற மாதிரி கேட்கிறாளே என்று அந்த ஆளே அசந்துபோனார். அதுதான் ஆரம்பம். லாரி ஓட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் சில வருஷத்தில் லாரியை விட்டார், பிக்கப்பை வாங்கினார். எங்கே பூக்கிறதோ அங்கே பெட்டிகளைக் கொண்டுபோய் வைப்பது, பூ முடிந்தால் தூக்கிக்கொண்டு வேறு இடம் போவது என்று இரண்டு பேரும் வண்டியும் தேனீயுமாக அலைந்தார்கள்.

வண்டியை மெதுவாக ஓட்டியதற்கும் அதுதான் காரணம். தேன் நிறைந்த அடை வெயிலில் மெழுகு இளகி நிற்கும். ஒரு குழியில் தடால் என்று இறக்கினால் போதும், அடை மரச்சட்டத்திலிருந்து பிய்ந்து ராணித் தேனீயையே நசுக்கிவிடும்.

போன வருஷம் வீட்டுக்காரருக்கு இடுப்பில் டிஸ்க் விலகியது. டாக்டர் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது, பெட்டியைத் தூக்கவே கூடாது என்றுவிட்டார். லாரியில் நாட்டையே சுற்றின மனுஷன், கட்டிலுக்கும் கக்கூசுக்கும் நடுவே அடங்கிப்போனார். வண்டி முழுசாக அக்கா கைக்கு வந்தது. ஏற்ற இறக்க ஒரு கூலிக்காரரை வைத்துக்கொண்டாள்.

மழை தொடங்கின சமயம். ஒரு பழத்தோட்டத்துக்குப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனாள். தார் ரோடு முடிந்து, சரளை முடிந்து, கடைசியில் ஒரு செம்மண் மேடு. பாதி மேட்டில் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. அப்புறம் வண்டி பக்கவாட்டில் வழுக்கி, பின்னால் சறுக்கி, ஓரத்துப் பள்ளத்தில் போய்ச் சாய்ந்தது. கயிறு அறுந்து இரண்டு பெட்டி கீழே விழுந்தது. ஒன்றை நிமிர்த்தி மூடிவிட்டாள். இன்னொன்று திறந்துகொண்டுவிட்டது. கொட்டினது கொட்டட்டும் என்று வெறுங்கையால் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ராணி அடியில் நசுங்கிக் கிடந்தது. அதைச் சுற்றி வேலைக்காரத் தேனீக்கள் நகராமல் உட்கார்ந்திருந்தன. அக்கா சேற்றில் உட்கார்ந்தபடியே பெட்டியை மூடினாள்.

டிராக்டர் வைத்து வண்டியை இழுத்த பிறகுதான் டயரைப் பார்த்தாள். பின்னால் இரண்டும் மொட்டை. கையால் தடவினால், பட்டன் பட்டனாக ரப்பர் மேடு இருந்த இடம் வழுவழு என்று இருந்தது.

"எல்லாத்தையும் மாத்தணுங்க," என்றாள் வீட்டுக்கு வந்து.

வீட்டுக்காரர் அன்றைக்கே போனை எடுத்துக்கொண்டு படுத்தார். ரெண்டு நாள் டயர் வீடியோதான். மலையேறுகிற டயர், ஆற்றில் இறங்குகிற டயர். "இந்தா பாரு, இதுதான் நமக்கு. பட்டன் ஒவ்வொண்ணும் செங்கல் மாதிரி இருக்கு. எந்தச் சேத்துல விட்டாலும் ஏறி வந்துடும்."

"சேறு கடைசியில கொஞ்ச தூரந்தாங்க. மீதி முழுக்க நல்ல ரோடு."

"அந்தக் கொஞ்ச தூரத்துலதானே சாஞ்சே?"

அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. "நீங்களும் வாங்க, கடையிலேயே பார்த்துப் பேசிக்கலாம்" என்றாள். டாக்டரிடம் தவிர எங்கேயும் போகாதவர், டயர் என்றதும் சட்டையை மாற்றிக்கொண்டார். முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் அவர் கியர் மாற்றச் சொல்லிக்கொண்டே வந்தார்.

கடை முழுக்க ரப்பர் வாசனை. டயர்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வண்டியையும் பழைய டயரையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "யார் ஓட்டறது?"

"நான்தான்."

"எங்க ஓட்டறீங்க, என்ன ஏத்தறீங்க?"

அக்கா சொன்னாள். வீட்டுக்காரர் போனை நீட்டிச் செங்கல் பட்டன் டயரைக் காட்டினார். கடைக்காரர் தலையாட்டினார். "சேத்துக்கு ராஜா சார் இது. இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா தார் ரோட்டுல உறுமும், அதிரும். மழையில பிரேக் போட்டா ரோட்டு டயர் மாதிரி பிடிக்காது."

"உறுமினா உறுமட்டும். பாட்டுக் கச்சேரிக்கா போறோம்?"

"என் காதைப் பத்திக் கவலை இல்லைங்க," என்றாள் அக்கா. "பின்னாடி இருக்கற அடைங்க அதிர்வு தாங்காது."

பேச்சு அங்கேயே செக்குமாடாகச் சுற்றியது. பஞ்சர் ஒட்ட வந்து உட்கார்ந்திருந்த மரக்கடைக்காரர் ஒருத்தர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பிக்கப்பில் மாட்டியிருந்ததும் அதே செங்கல் பட்டன் டயர்தான். "எதுக்கு வாய்ச்சண்டை? என் வண்டியை எடுத்து ஒரு சுத்து சுத்திட்டு வாங்களேன், ஒட்டி முடிச்சாச்சு" என்று சாவியை நீட்டினார்.

அக்கா ஓட்ட, வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். தார் ரோட்டில் ஏறினதும் மாவு மிஷினுக்குள் உட்கார்ந்த மாதிரி ஒரு சத்தம். கண்ணாடியில் தொங்கின பொம்மை நடுங்கியது. வீட்டுக்காரர் முதலில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். கொஞ்ச தூரத்தில் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ஒட்டுப்போட்ட ரோடு வந்ததும் இன்னொரு கையால் சீட்டை அழுத்திக்கொண்டார். நெற்றி வேர்த்திருந்தது. அக்கா வண்டியைத் திருப்பினாள்.

"எப்படி சார்?" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்காரர் மெதுவாக இறங்கி, வண்டியைப் பிடித்தபடி நிமிர்ந்தார். "தேனீ என்ன சொல்லுமோ தெரியாது. என் இடுப்பு வேணாங்குது."

மரக்கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும்.

கடைக்காரர் உள்ளேயிருந்து வேறு ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். ஆல் டெரெய்ன், எல்லாத் தரைக்கும் ஆகிற டயர் என்றார். நடுவில் பட்டன் நெருக்கமாக, ரோட்டுக்கு ஏற்றபடி. ஓரத்தில் மட்டும் அகலமான வெட்டு, மண்ணைக் கடிக்க. "ரெண்டுலயும் முதல் மார்க் வாங்காது. ஆனா ரெண்டுலயும் பாஸ்."

"சரி, அதையே ஒரு சைஸ் பெருசாப் போடு. வண்டி உயரமா நிக்கும்," என்று வீட்டுக்காரர் கடைசி முயற்சி செய்தார். கடைக்காரர் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டுக் காட்டினார். கை சிரமப்பட்டுத்தான் நுழைந்தது. பெரிசாகப் போட்டால் திருப்பும்போது உரசும். வீட்டுக்காரர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அக்கா நான்கு டயரின் பக்கவாட்டிலும் குனிந்து, எந்த வாரம் எந்த வருஷம் செய்தது என்று அச்சடித்திருந்ததைப் படித்தாள். ஒன்று மட்டும் பழசு. கடைக்காரர் முணுமுணுக்காமல் மாற்றிக் கொடுத்தார். ஸ்டெப்னிக்கும் அதே டயர். வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? வண்டிக்குள்ளேயே கரண்டு எடுத்துக் காற்றடிக்கிற சின்ன பம்ப் ஒன்றும் வேண்டும் என்றார். "சேத்துல காத்தைக் கொஞ்சம் இறக்கினா டயர் பரந்து பிடிக்கும். தார் ரோட்டுக்கு வர்றப்போ திரும்ப ஏத்திக்கணும். லாரியில எத்தனை தடவை பண்ணியிருக்கேன்!" கடைக்காரரே ஆமாம் என்றார். அக்கா மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த தடவை பெட்டி ஏற்றும்போது, "நானும் வரேன்" என்று தலையணையோடு வந்து நின்றார். விடிவதற்குள் கிளம்பினார்கள். கூலிக்காரர் பின்னால் தன் பைக்கில் வந்தார். புது டயர் லேசாக முனகியது, அவ்வளவுதான்.

அதே செம்மண் மேடு. முந்தின நாள் மழை பெய்திருந்தது. அக்கா வண்டியை நிறுத்தி, இறங்கி, மேடு முழுக்க நடந்துபோய்க் காலால் அழுத்திப் பார்த்துவிட்டு வந்தாள். "இன்னிக்கு வேணாமோ?"

"மேல்தோல்தான் ஈரம். அடியில கெட்டியா இருக்கா?"

"இருக்கு."

"அப்போ ஏறும். காத்தை இறக்கு."

அவர் காற்று அளக்கிற கருவியைப் பிடித்துக்கொண்டு "போதும், போதும்" என்று ஒவ்வொரு சக்கரமாக வந்தார். அக்கா முதல் கியரில் போட்டாள். பாதி மேட்டில் பின்பக்கம் ஒரு சாண் நழுவியது. இந்த மாதிரி இடத்தில் "மிதி, மிதி!" என்று கத்துகிறவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். அவள் ஆக்சிலேட்டரைக் கூட்டவுமில்லை, விடவுமில்லை. டயர் சேற்றைத் துப்பி, அடிமண்ணைக் கடித்தது. வண்டி அசைந்து அசைந்து மேலே ஏறி நின்றது.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?"

"மூச்சு விட்டுக்கறேன், இரு."

வெளிச்சம் வந்ததும் கூலிக்காரர் பெட்டிகளை இறக்கி மரங்களுக்கு நடுவே வைத்தார். வீட்டுக்காரரும் ஒரு பெட்டியில் கை வைத்தார். அக்கா பார்த்த பார்வையில் எடுத்துவிட்டார். ஆனால் பெட்டிகளின் வாசல் அடைப்புகளைத் திறக்கிற வேலையை அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து திறந்துவிட்டு, தேனீக்கள் வெளியே வந்து இடத்தைச் சுற்றிப் பார்க்கிறவரை நகரவில்லை. எல்லாவற்றிலும் சேர்த்து ஒரே ஒரு அடை மட்டும் உடைந்திருந்தது. அக்கா அதை நூல் சுற்றிச் சட்டத்தில் கட்டி வைத்தாள்.

திரும்பும்போது தார் ரோட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, பம்பை மாட்டினார்கள். அது சின்ன பம்ப். ஒரு சக்கரம் நிரம்பவே வெகு நேரம் பிடித்தது. இரண்டு பேரும் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தபடி வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்து எங்கே பூக்கும் என்று பேச்சு வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சூரியகாந்தி போட்டிருப்பதாகக் கேள்வி என்றாள் அக்கா.

"ரோடு எப்படி?"

"போய்ப் பார்த்தாத்தான் தெரியும்."

"ஞாயித்துக்கிழமை போவோம்," என்றார் அவர், அடுத்த சக்கரத்துக்கு பம்பை மாற்ற எழுந்தபடி.