மேசை கோயிலுக்குப் போகிறது

ஈப்போவில் ஒரு சீனர் காப்பிக் கடை. பலாமரத்தைக் குடைந்து செய்த பழைய மேளத்தின்மேல் கண்ணாடி வைத்து மேசையாக்கியிருக்கிறார்கள். இப்படி மேசையாக்கிய புண்ணியவானை மனத்துக்குள் திட்டிக்கொண்டே காப்பி குடிக்கிறேன். அப்போது ஒரு பெண் வந்து நிற்கிறார்.

"கோப்பைய எடுத்துக்குங்க அண்ணே. மேச கோயிலுக்குப் போவணும்."

அந்தப் புண்ணியவானே இவர்தான், சரசு. ரப்பர் தோட்டத்தை மூடியதும் ஆட்கள் கலைந்துவிட்டார்கள். கோயில் மட்டும், பிறகு எண்ணெய்க்காக நட்ட செம்பனைக்கு நடுவில் நிற்கிறது. அதன் மேளம் கோழிக்கூண்டுக்குப் பின்னால் கிடந்ததாம். வெடிப்பை அடைத்துத் தோல் கட்டியிருக்கிறார். அவருடைய ஃபிளாட்டில் வைக்க இடமில்லை. திருவிழாவுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று பேசி, கடைக்குக் கொடுத்திருக்கிறார். கொடுத்த பிறகு வரும் முதல் திருவிழா இதுதான்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேளத்தைத் தட்டுகிறார். அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் இருக்கிறது. அவர் முகம் வாடிப்போகிறது.

"மழையில தோலு தொஞ்சிருச்சு லா."

"காய்ச்சினால் சரியாகாதா?" என்கிறேன்.

"ஆவும். நெருப்புக்கு எங்க போறது அண்ணே?"

கடைக்காரருக்குத் தமிழ் புரிகிறது போலும். ரொட்டி வாட்டும் கரி அடுப்பிலிருந்து ரொட்டிகளை எடுத்துத் தட்டில் வைக்கிறார். இருவருமாக மேளத்தைச் சாய்த்து, தணலுக்கு நேரே தோலைக் காட்டி மெல்லத் திருப்புகிறார்கள். ரொட்டிக்குக் காத்திருப்பவர்கள் எழுந்து வந்து பார்க்கிறார்கள்.

சரசு மறுபடி தட்டுகிறார். அலமாரியில் கோப்பைகள் அதிர்கின்றன. தெருவில் போன மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கிறது. ஓட்டி வந்தவர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கேட்கிறார்:

"எந்தத் தோட்டத்துல திருவிழா, அக்கா?"