மதினி கேட்ட ஒரு புள்ளி

வில்லாபுரத்தில் இருக்கும் என் மதினிக்கு வலைப்பூ தொடங்கிக் கொடுத்தது நான்தான். அண்ணன் மனைவி நன்றாகப் பேசுவார். பேசுவதைப் போலவே எழுதவும் செய்தார். தண்ணீர் லாரி வந்ததும் தெருவில் நடக்கும் குடச் சண்டை, மாடி வீட்டு மிக்ஸி, கொத்தமல்லி வாங்கப் போன அண்ணன் பிளாஸ்டிக் சேரோடு திரும்பிய கதை என்று வாரம் தவறாமல் ஏதாவது வரும்.

நான் அதையெல்லாம் ஃபீட் ரீடரில் படித்தேன். பிடித்த தளங்களில் புதிதாக எது வந்தாலும் தானாக வந்து விழும் செயலி அது. ஒவ்வொரு தளமாகப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. படித்ததை நண்பர்களுக்குப் பகிரலாம், அங்கேயே கீழே கருத்தும் எழுதலாம். அந்தக் கருத்துகளை எங்கள் குழு மட்டும்தான் பார்க்கும். பதிவை எழுதியவருக்குத் தெரியவே தெரியாது.

அலுவலக நண்பர்கள் மூன்று பேருக்கு மதினியின் பதிவுகளைப் பகிர்ந்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். சேர் கதைக்குக் கீழே சாப்பாட்டு நேரம் முழுக்க அரட்டை ஓடியது. "மாப்ள, உங்க அண்ணே இன்னும் அந்தச் சேர்லதான் உக்காந்திருக்காரா?" என்று ஒருவன் எழுத, நானும் என் பங்குக்கு அண்ணனை வாரினேன். இது வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சத்தில், மதினியிடம் மூச்சு விடவில்லை.

மதினியின் பக்கத்திலோ கருத்துப் பெட்டி காலியாகவே கிடந்தது. ஒருநாள் பதிவின் கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "யாராவது படிக்கிறீங்களா? எழுத நேரமில்லன்னா ஒரு புள்ளி மட்டும் வச்சிட்டுப் போங்க. ஆள் இருக்குன்னு தெரிஞ்சுக்குவேன்."

அதையும் படித்தோம். "பாவம்ப்பா, யாராச்சும் போயி ஒரு புள்ளி வைங்க" என்று ஒருவன் எழுதினான். "நீ போடா" என்றான் இன்னொருவன். நான் அதற்குக் கீழே ஒரு சிரிப்பு எமோஜி போட்டேன். மதினியின் பக்கத்துக்குப் போனால் பெயர் கேட்கும், மின்னஞ்சல் கேட்கும். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மற்றவர்களில் ஒருவன் வைத்திருப்பான் என்றும் நினைத்தேன். நாலு பேருமே அப்படித்தான் நினைத்திருக்கிறோம், சோம்பேறிகள்.

போன மாதம் மதினி வலைப்பூவையே அழித்துவிட்டார். போனில் கேட்டதற்கு, "செவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு தம்பி. போதும்னு விட்டுட்டேன்" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ரீடரில் பார்த்தால், ஏற்கெனவே வந்து விழுந்த பழைய பதிவுகள் அப்படியே இருந்தன, எங்கள் அரட்டையோடு. கோச்சடையில் என் வீட்டிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு நேரே போய் மதினியின் கையில் போனைக் கொடுத்தேன். "நாங்க எல்லாத்தையும் படிச்சோம் மதினி, பாருங்க" என்றேன். பரிசு கொண்டுவந்தவன் மாதிரி நின்றேன், வெட்கங்கெட்டவன்.

மதினி தள்ளித் தள்ளிப் படித்தார். "இம்புட்டுப் பேசியிருக்கீங்களா!" என்று முகமெல்லாம் சிரிப்பு. அண்ணனைக் கூப்பிட்டு சேர் கதைக்கு வந்த கிண்டலை வாசித்துக் காட்டினார். அண்ணனும் சிரித்தார். இத்தனை நாள் நான் பட்ட கூச்சத்துக்கு அந்த வீட்டில் வேலையே இல்லை.

பிறகு மதினியின் விரல் நின்றது. எந்தப் பதிவு என்று எட்டிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. வருகிற அவசரத்தில் அது ஞாபகத்திலேயே இல்லை.

"இந்தச் சிரிப்பு நீங்க போட்டதா தம்பி?"

"ஆமா மதினி."

போனை முந்தானையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுத் தரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம் தம்பி" என்றார் மதினி. "புள்ளி கேட்ட அன்னிக்குப் பூராம் போனைக் கையிலயே வச்சிருந்தேன்."