அம்மா குடித்து முடிக்காத தேநீர்

என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொள்பவள் மொன்பா இனப் பெண். இமயமலையில், திபெத் எல்லையோரத் தவாங்கிலிருந்து படிக்க வந்தவள். அவர்களுடைய புத்தாண்டான லோசாரை அவள் முதல் தடவையாக வீட்டாரில்லாமல் கொண்டாடவிருந்தாள். அன்று மூத்தவர் ஒருவர் வந்து மனம் நிறைந்து போனால் ஆண்டு நன்றாக அமையும் என்பது அவள் குடும்ப நம்பிக்கை. "இங்கே எனக்கு யார் வருவார்கள்?" என்று கேட்டாள்.

நகரின் மறுகோடியில், பியர்பொன்ட்ஸில் இருக்கும் என் அம்மாவை அழைத்தேன். பனியில் பஸ் மாறி மாறி அம்மா வந்து சேர்ந்தார்.

அவள் வரவேற்பு மரியாதையாக என் அம்மாவின் கழுத்தில் வெண்பட்டுத் துணியை அணிவித்து, "அமா" என்றாள்.

"தமிழ் கதைக்கிறாளே!"

"அது அவையின்ர பாஷை அம்மா. அவையும் தாயை அப்பிடித்தான் கூப்பிடுவினம்."

"பேந்தென்ன, சொந்தந்தானே."

அவர்கள் தேநீருக்கு வேண்டிய யாக் மாட்டு வெண்ணெய் இங்கே ஏது? கடை வெண்ணெய், உப்பு, தேயிலைச் சாயம் மூன்றையும் மிக்சியில் அடித்து, மரக் கோப்பையில் கொடுத்தாள். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். தந்த தேத்தண்ணியை மிச்சம் விடுவது எங்கள் வீட்டில் அவமரியாதை. கண்ணை மூடிக்கொண்டு குடித்து முடித்தார். உடனே கோப்பை நிரம்பியது. அதையும் முடித்தார். மறுபடியும் நிரம்பியது. "போதும் பிள்ளை" என்றதை அவள் கூச்சமென்று எடுத்துக்கொண்டாள்.

"என்னடி, இது வத்தாத கிணறோ?" என்றார் அம்மா என் காதில். "விட்டாலும் பாவம், பிள்ளையின்ர நல்ல நாள்."

சமையலறையில் அவள் கண் கலங்கி நின்றாள். "வெண்ணெய் முடியப்போகிறது. உன் அம்மாவுக்கு இன்னும் மனம் நிறையவில்லை. கோப்பை காலியாகிக்கொண்டே இருக்கிறதே!"

"நிறைந்துவிட்டது என்று எப்படிக் காட்டுவீர்கள்?"

"நிரம்பிய கோப்பையை அப்படியே வைத்துவிடுவோம். புறப்படும்போது கொஞ்சம் குடித்து மீதியை விட்டுவிடுவோம்."

அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"விடுறதோ மரியாதை? முதலே கேட்டிருந்தால் என்ர வயிறு தப்பியிருக்கும்!" அம்மா நிரம்பிய கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தார். சமையலறை வாசலில் நின்று அதைப் பார்த்த பிறகுதான் அவள் வந்து உட்கார்ந்தாள், தனக்கும் ஊற்றிக்கொண்டாள்.

எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் பழக்கம். இந்த ஊரில் நான் நன்றி சொல்ல வேண்டியவற்றில் அந்தப் பின்னேரத்துக்கு முதலிடம். பொறுமையாகக் குடித்தவருக்கும் நன்றி, சளைக்காமல் ஊற்றியவளுக்கும் நன்றி.

புறப்படச் சப்பாத்தைக் காலில் மாட்டிய பிறகு அம்மா கோப்பையைக் கேட்டு வாங்கினார். பாதி குடித்தார். மீதியை விட மனமில்லாமல் ஒரு கணம் பார்த்தார். பிறகு அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, "போட்டு வாறன் பிள்ளை" என்றார்.