தையல்காரர் வாயில் எடுத்த அளவு

தையல்காரருக்குக் கத்தரிக்கோல் எதற்கு, பல்தான் இருக்கிறதே என்று கடைத்தெருவில் கேலி பேசுவார்கள். நூலைக் கடித்து அறுப்பதில் மனிதர் அவ்வளவு கைதேர்ந்தவர். அளவை எடுத்து அவர் உரக்கச் சொல்வார். மனைவி அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதுவாள். கடை அப்படித்தான் ஓடியது.

ஒரு நாள் வெள்ளைச் சட்டையின் நூலைக் கடித்தபோது துணியில் சிவப்பாக ஒரு புள்ளி. ஈறில் ரத்தம். பல் துலக்கும்போதும் கசிந்தது. பிரஷ் பட்டுத்தான் புண்ணாகிறது என்று தானே தீர்ப்பு எழுதி, அந்தப் பக்கம் துலக்குவதையே நிறுத்திவிட்டார். பெரிய வைத்தியர் என்று நினைப்பு. கசிவு நிற்கவில்லை, வாய் நாறவும் தொடங்கியது.

அவருடைய அப்பா நடுவயதிலேயே பல் கொட்டிப் பொக்கைவாயோடு திரிந்தவர். தனக்கும் அதே கதிதான் என்று இவருக்கு உள்ளூர உதறல். மனைவியிடம் சொல்லவோ வெட்கம். முகத்தைத் திருப்பிக்கொண்டு அளவை முணுமுணுத்தார். சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போனார்.

"என்னைப் பாக்கவே பிடிக்கலையா உங்களுக்கு?" என்று ஒரு மத்தியானம் அவள் கேட்டாள். கண் கலங்கியிருந்தது. அதற்குமேல் அவருக்குத் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"இதுக்கா இத்தனை நாளா என்னை வாட்டி எடுத்தீங்க?" என்றவள் அப்போதே கடையைப் பூட்டிப் பல் டாக்டரிடம் இழுத்துப்போனாள்.

டாக்டரம்மா ஒரு மெல்லிய கம்பியை எடுத்தார். நுனியில் கோடு கோடாக அளவு. "ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல எவ்வளவு ஆழம் போகுதுன்னு பாக்கறேன். மூணு மில்லிமீட்டர் வரைக்கும் பயமில்ல."

ஊருக்கெல்லாம் அளவெடுத்தவர் வாயைப் பிளந்தபடி கிடந்தார். "ரெண்டு, மூணு, ரெண்டு" என்று டாக்டரம்மா சொல்லச் சொல்ல, பழக்கதோஷத்தில் மனைவியும் திருப்பிச் சொன்னாள். துலக்காமல் விட்ட பக்கம் வந்தது. "நாலு. ரத்தமும் வருது." மனைவி எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்கம்மா, ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. வலி வரட்டும்னு காத்திருந்தா பல்லே ஆடியிருக்கும்" என்ற டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். "ரத்தம் வர்ற இடத்தை விட்டுட்டா துலக்குவாங்க? அங்கதான் மெதுவா, நல்லா துலக்கணும்." பிறகு பல்லில் படிந்திருந்த காரையைச் சுத்தம் செய்து அனுப்பினார்.

சில மாதம் கழித்து மறுபடியும் கம்பி அதே இடத்துக்குப் போனது. "மூணு. ரத்தம் இல்ல."

"மூணு" என்று மனைவி சொன்ன சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இப்போது நூலுக்குக் கத்தரிக்கோல்தான். ஆனால் அளவை மட்டும் அவர் அவள் காதோரம் குனிந்து சொல்கிறார்.

"எனக்கென்ன காது செவிடா? தள்ளி நில்லுங்க" என்கிறாள்.

அவரும் தள்ளி நிற்கவில்லை, அவளும் நகரவில்லை.