துப்பறியும் தீர்த்தகிரிக்குக் கேதம் கேட்டவள்

தறிப்பட்டறையில் கரண்ட் போனால் முதலாளிக்கு மட்டும்தான் வயிறு எரியும். மற்றவர்கள் எல்லோரும் வசந்தாமணி பக்கம் திரும்புவார்கள்.

பள்ளிபாளையத்துப் பட்டறையொன்றில் ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்த வசந்தாமணி எட்டாவது வரை படித்தவள். தறிச்சத்தம் ஓய்ந்ததும் மடியிலிருந்து மாத நாவலை உருவி, விட்ட இடத்திலிருந்து உரக்கப் படிப்பாள். எல்லாம் துப்பறியும் தீர்த்தகிரி கதைகள். கொலைகாரன் கதவைத் தட்டும் இடத்தில் கரண்ட் வந்து தொலைத்தால் பட்டறையே தலையில் அடித்துக்கொள்ளும். வீட்டிலோ தெருவிலோ அவள் பேச்சுக்கு ஒருவரும் காது கொடுத்ததில்லை. இங்கே அவள் எச்சில் விழுங்க நிறுத்தினாலும், "அப்பறம்?" என்று ஆளாளுக்குப் பறப்பார்கள்.

எண்பத்தைந்தாம் வருஷம் ஆடி மாதம் தீர்த்தகிரி செத்துப்போனான். கொலைகாரனைத் துரத்திக்கொண்டு பரிசலில் போனவன் வெள்ளத்தில் கவிழ்ந்தான். மறுநாள் கரையில் அவன் சட்டை மட்டும் கிடந்தது. முற்றும். கூட வேலை செய்த அங்கம்மாள் முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். அடுத்த மாதம் வேறொரு துப்பறிவாளன் வந்தான். அவன் கதையை யாரும் கேட்கவில்லை. கரண்ட் போனால் வெற்றிலை போட்டார்கள், மாமியாரைத் திட்டினார்கள். வசந்தாமணி புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு வாய்க்குள்ளேயே படித்தாள்.

அந்தச் சமயத்தில்தான், சேலத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் துப்பறியும் கதை எழுத்தாளர்-வாசகர் மாநாடு என்றும், தீர்த்தகிரியை எழுதும் சுவாமிநாதன் மெட்ராஸிலிருந்து வருகிறார் என்றும் நாவலின் பின்னட்டையில் போட்டிருந்தார்கள்.

"நான் போயி தீர்த்தகிரியத் திரும்பக் கொண்டாரச் சொல்லிக் கேக்கப் போறனுங்க" என்றாள் கணவனிடம்.

சின்னுசாமி சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சிரித்தான். "கதையில செத்தவனுக்கு பஸ்ஸேறிக் கேதம் கேக்கப் போறவ நீ ஒருத்திதான். ஒப்பாரி வெக்க ஆளு வேணுமா?"

அவன் கேலிக்குத்தான் சொன்னான். ஆனால் சாவு விழுந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போகும் முறை தவிர வேறு முறை இதற்கு ஏது என்று வசந்தாமணிக்குப் பட்டது. தலையில் பூ இல்லை. சாயம் போன சேலை. அங்கம்மாளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மண்டபத்தில் உட்கார இடமில்லை. கண்ணாடி போட்ட பையன்கள், ரிட்டயர்டு வாத்தியார்கள், கைக்குழந்தைக்காரிகள். வாசகர் கேள்வி நேரத்தில் வசந்தாமணியின் முதுகில் கைவைத்து அங்கம்மாள் ஒரே தள்ளாகத் தள்ளினாள். வசந்தாமணி மைக் முன்னால் போய் நின்றாள்.

"வணக்கம் சொல்லலீனு தப்பா நெனைக்காதீங்க சாமி. எழவூட்டுக்கு வந்தவங்க வணக்கம் சொல்றதில்லீங்க."

மண்டபமே சிரிப்பில் குலுங்கியது. வசந்தாமணிக்குக் காது சிவந்தது. ஆனால் மேடையில் சுவாமிநாதன் சிரிக்கவில்லை.

"எழுதி எழுதிச் சலிச்சுப் போச்சும்மா. அதான் முடிச்சேன். செத்தவனை எழுப்பினா வாசகர்கள் என்னை நம்ப மாட்டாங்க."

"செத்தாருன்னு யாருங்க சொன்னா? பொணத்தப் பாத்தது யாரு?"

"சட்டை கிடைச்சுதேம்மா."

"பொணமில்லாம சட்டைக்கா கோடித்துணி போடறது?"

மறுபடியும் சிரிப்பு, இம்முறை அவள் பக்கம் நின்ற சிரிப்பு. சுவாமிநாதன் மைக்கை இழுத்துக்கொண்டார். "சரி. உயிரோட இருக்கான்னு நீங்களே நிரூபியுங்க. நிரூபிச்சா எழுதறேன். இல்லேன்னா இந்தப் பேச்சு இதோட முடிஞ்சுது."

வசந்தாமணி அந்தக் கடைசிப் பக்கத்தை, வேறு கதை ஓடாததால், பட்டறையில் எத்தனையோ தடவை படித்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு வரிவரியாக மனசுக்குள் ஓட்டினாள். சட்டென்று ஓரிடத்தில் நின்றாள்.

"பொத்தானெல்லாம் போட்டபடி சட்ட கரையில கெடந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க, ஆமாங்களா?"

"ஆமா."

"எந்த வெள்ளமுங்க மனுசனோட சட்டையக் கழட்டிட்டு, அப்பறம் பொத்தானப் போட்டு வெக்கும்? அவரேதானுங்க கழட்டிருக்காரு. செத்துட்டான்னு கொலகாரன் நம்போணும்னு பொத்தான மாட்டி அங்க போட்டுட்டு, எங்கியோ ஒளிஞ்சிருக்காரு!"

பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். சுவாமிநாதன் நெற்றியில் அடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"சத்தியமா சொல்றேன், எழுதும்போது எனக்கே அது தெரியாது! பிழைச்சுட்டாம்மா உங்க ஆளு. தை மாசம் வரான்."

அங்கம்மாள் நாற்காலிமேல் ஏறிக் குலவையிட்டாள். "எங்க பட்டறைப் புள்ளைங்க இவ!" என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னாள்.

தை பிறந்தது, புத்தகமும் வந்தது. ஆனால் பொங்கலுக்குப் பிறகு கரண்ட் போகவே மாட்டேன் என்றது. தறிகள் இடைவிடாமல் ஓடின. வசந்தாமணியின் மடியிலேயே புத்தகம் கிடந்தது. முதல் பக்கத்தைக்கூட அவள் தனியாகப் படிக்கவில்லை. பட்டறையில் எல்லோரும் கூரையில் எரியும் பல்பைக் கரித்துக்கொட்டினார்கள்.

நாலாம் நாள் மதியம், முதலாளி கந்தவேல் ஆபீஸ் அறையை விட்டு விறுவிறுவென்று வந்தார். யாரையும் பார்க்காமல் போய் மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தார். தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நூல் மூட்டைமேல் காலை மடக்கி உட்கார்ந்தார்.

"படி அம்மிணி. எங்கதான் ஒளிஞ்சிருந்தான் அந்த ஆளு?"