பிரேக்கை மிதித்த கால்

பக்கத்து வீட்டுச் சேகரை எனக்கு அறவே பிடிக்காது. எங்கள் அடுக்குமாடி நிர்வாகத்திடம் புகார் கொடுத்து, என் கார் சக்கரத்துக்குப் பூட்டுப் போட வைத்தவன். அந்த ஞாயிற்றுக்கிழமை, வேறு ஆள் கிடைக்காமல் என்னிடமே வந்து நின்றான்.

"அண்ணே, காடி பிரேக்குல காத்து எடுக்கணும். கொஞ்சம் மிதிச்சுக் குடுங்க."

நான் அவன் காருக்குள் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். அவன் சக்கரத்தருகே படுத்து, திருகாணியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றிவிட்டு இறுக்குவான். அதற்குள் நான் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

தெரிந்தேதான் எடுத்தேன், நான்கு சக்கரத்துக்கும். வெயிலில் முதுகு வேக மறுபடியும் படுக்கட்டும் என்று.

கடைசியில் அவனே ஏறி மிதித்துப் பார்த்தான். பிரேக் பொதபொதவென்று அடிவரை போனது. என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"ஏறுங்கண்ணே, கடல் பாலத்துல ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்."

"எனக்கு வேலை இருக்கு."

"நாளைக்கு என் பொண்டாட்டி இதுலதான் அந்தப் பாலத்தத் தாண்டி, பத்து காவான் ஊருக்கு வேலைக்குப் போறா. நீங்க ஏற மாட்டீங்க, அவ மட்டும் ஏறலாமா?"

அவளை நான் நினைத்தே பார்க்கவில்லை. அவன் இறங்கியதும் உள்ளே ஏறி உட்கார்ந்தேன்.

அவன் மறுபடியும் சக்கரத்தருகே போய்ப் படுத்தான். "மிதிங்க."

மிதித்தேன். அவன் "விடுங்க" என்று சொல்லும்வரை காலை எடுக்கவில்லை.

இன்றும் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. ஆனால் காலையில் அவன் மனைவி ஓட்டிப் போகும் அந்தக் கார் அடுக்குமாடி வாசல் தடுப்புக்கு முன்னால் சரியாக நிற்கும்வரை, நான் ஜன்னலை விட்டு நகர்வதில்லை.