வராத கம்ப்யூட்டருக்குப் பொட்டு

ஆயுத பூஜையன்று எங்கள் ஒரகடம் தொழிற்சாலையில், மெஷின்களோடு சேர்த்து ஒரு குவாண்டம் கம்ப்யூட்டரின் படத்துக்கும் மேனேஜர் சந்தனப் பொட்டு வைத்தார். கம்பெனி பஸ் எந்த வழியில் போனால் சீக்கிரம் போகலாம் என்று அது சொல்லிவிடுமாம்.

"எப்ப சார் வரும்?" என்றேன்.

"இப்ப நிறைய தப்பு பண்ணுது. உருப்படியா வேலை செய்ய அஞ்சு வருஷமும் ஆகலாம், பதினஞ்சும் ஆகலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படப்பைக்கும் வல்லக்கோட்டைக்கும் தனித்தனியாக ஓடிய பஸ்களை ஒன்றாக்கி, எங்களை ஊர் சுற்ற வைத்தவரே அவர்தான்.

"இன்னொரு பஸ்ஸு வுட்டா முடிஞ்சிது. அதுக்கு இன்னாத்துக்கு சார் கம்ப்யூட்டரு?"

"கொஞ்சம் பொறுங்கப்பா," என்று பொரிப் பொட்டலத்தை நீட்டினார்.

அன்று சாயங்காலமும் படப்பை வரை நின்றுகொண்டேதான் போனேன். உட்கார இடம் கிடைத்திருந்தால் பொறுத்திருப்பேன்.